கோலம் இப்போ யார் போடுறாங்க?

வெண்ணெய், கை, கடிதம், ராணி, டிக்கெட், புல், மூலை, கல், புத்தகம், குச்சி.

ஒரே ஒரு தடவை மெதுவாகப் படித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு திருப்பிச் சொல்லிப் பாருங்கள். வரிசை முக்கியமில்லை. பட்டியலை இன்னும் இரண்டு தடவை வாசித்துக் காட்டுவேன். இரண்டு தடவையும் நீங்கள் சொல்ல வேண்டும். பிறகு வேறு கேள்விகளுக்குப் போய்விடுவேன். ஐந்து நிமிடம் கழித்து, சாதாரணமாகப் பேச்சோடு பேச்சாக, "அப்ப சொன்னேனே பத்து வார்த்தை, அதுல எதெல்லாம் ஞாபகம் இருக்கு?" என்று கேட்பேன். அந்த ஐந்து நிமிடத்துக்குப் பிறகு வரும் பதிலுக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்!

ஹவானா, லிமா, கராகஸ், பெய்ஜிங், சென்னை, வேலூர்ப் பக்கத்துக் கிராமங்கள் என்று ஆயிரக்கணக்கான தாத்தா பாட்டிகள் இதே பட்டியலைத் தங்கள் தங்கள் மொழியில் கேட்டிருக்கிறார்கள். இதன் மூலப் பட்டியல் அமெரிக்காவில் பிறந்தது. அதில் கம்பம், கடலோரம், மரக்குடில், எஞ்சின் என்று நான்கு வார்த்தைகள் இருந்தன. எல்லா ஊர்க் கிழவர்களுக்கும் அவை பழகியிருக்காது என்று எடுத்துவிட்டு, மூலை, கல், புத்தகம், குச்சி என்று மாற்றினார்கள். கல்லும் குச்சியும் இல்லாத ஊர் உலகத்தில் ஏது? இதை முதன்முதலில் தெரிந்துகொண்ட அன்று நான் சந்தித்த எல்லோரிடமும் சொல்லித் தீர்த்தேன். இன்றைக்கும் அந்த உற்சாகம் குறையவில்லை.

நான் டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை. சமூகப் பணி படித்தவள். மருத்துவ, மனநலச் சமூகப் பணி என்று ஒரு பிரிவு உண்டு, அதில் எம்.எஸ்.டபிள்யூ. மூளை ஆராய்ச்சி என்றதும் எல்லோருக்கும் வெள்ளைக் கோட்டும் ஸ்கேன் இயந்திரமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் முதுமை மறதி பற்றி உலக அளவில் பேசப்படும் எண்களில் பல முதலில் பிறப்பது ஏதோ ஒரு வீட்டுக் கூடத்தில், ஃபேன் சத்தத்துக்கும் குக்கர் விசிலுக்கும் நடுவே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் என்னைப் போன்ற ஒருவர். இந்த வேலையின் பின்கட்டுக்குள் உங்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. வாருங்கள்!

முதலில் கொச்சி. 1998-ல் அங்கே நடந்த பன்னாட்டு அல்சைமர் மாநாட்டையொட்டி ஆராய்ச்சிக் குழு ஒன்று உருவானது. அதற்கு வைத்த பெயர் '10/66'. டிமென்ஷியா, அதாவது முதுமை மறதி, உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் வாழ்கிறார்கள். ஆனால் மக்களிடையே நடத்தப்படும் டிமென்ஷியா ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அந்த நாடுகளுக்கு வருவதில்லை. ஒரு குழு தன் பெயரிலேயே தன் கோபத்தை எழுதி வைத்துக்கொண்டது என்றால், அவர்கள் மேல் பிரியம் வராமல் இருக்குமா? லண்டன் கிங்ஸ் காலேஜைச் சேர்ந்த மார்ட்டின் பிரின்ஸ் ஒருங்கிணைத்தார். இந்தியா, சீனா, லத்தீன் அமெரிக்கா, கரீபியன், ஆப்பிரிக்கா என்று ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்தார்கள்.

அவர்கள் முன்னால் இருந்த சிக்கல் இதுதான்: பள்ளிக்கூடமே போகாத ஒரு பாட்டிக்கு மறதிச் சோதனையில் மதிப்பெண் குறைந்தால், அது நோயா, எழுத்து தெரியாததா? பணக்கார நாடுகளில் எழுதப்பட்ட சோதனைகள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பின. அதனால் குழு 25 மையங்களில் 2885 முதியவர்களைத் தேர்ந்தெடுத்தது. டிமென்ஷியா உள்ளவர்கள், மனச்சோர்வு உள்ளவர்கள், நன்றாகப் படித்த ஆரோக்கியமானவர்கள், படிப்பே அதிகம் இல்லாத ஆரோக்கியமானவர்கள் என்று நான்கு வகை. நான்காவது வகையினரை நோயாளி என்று தப்பாகச் சொல்லாத சோதனை எதுவோ அதுதான் வேண்டும்! பல கருவிகளைச் சேர்த்து அப்படி ஒரு வழியைக் கண்டுபிடித்து 2003-ல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். அதில் ஒரு கருவி முதலில் கனடாவின் மனிடோபா மாகாணத்தில் வாழும் க்ரீ பழங்குடி மக்களுக்காக உருவானது. அங்கிருந்து நைஜீரியாவின் இபாதான் நகருக்குப் போய், பிறகு நம் தெருக்களுக்கும் வந்து சேர்ந்தது.

சரி, தெருவுக்குப் போவோம்.

பையில் என்ன இருக்கும் என்று எல்லோரும் கேட்பார்கள். அடையாள அட்டை, ஒப்புதல் படிவங்கள், கைநாட்டுக்கு மை டப்பா, ஸ்டாப்வாட்ச், பி.பி. மெஷின், இஞ்ச் டேப், டேப்லெட், அதற்குப் பவர் பேங்க், தண்ணீர் பாட்டில், குடை. இவை தவிர நான் எப்போதும் வைத்திருப்பது சாதாரண ரீடிங் கிளாஸ் ஒன்று. பாட்டியின் கண்ணாடி உடைந்து கிடக்கும். யாரும் மாற்றித் தந்திருக்க மாட்டார்கள். படத்தைக் காட்டி "இது என்ன?" என்றால் தெரியாதுதான். கண்ணும் காதும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்காமல் மூளையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பது அநியாயம். 2024-ல் வந்த லான்செட் ஆணையத்தின் அறிக்கை, டிமென்ஷியாவுக்குக் காரணமாகும், நம்மால் மாற்றக்கூடிய 14 அபாயங்களைப் பட்டியலிடுகிறது. காது கேளாமை ஏற்கெனவே அதில் இருந்தது. பார்வைக் குறைவு இந்த முறைதான் சேர்ந்தது. அந்தப் பக்கத்தைப் படித்தபோது எங்கள் களப்பணியாளர்கள் எல்லோரும் குதித்தோம்!

தெருவில் இறங்கியதும் முதலில் வருவது சந்தேகம். "லோனா?" "ரேஷன் கார்டா?" "எந்தக் கட்சி?" இதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்ன பிறகுதான் ஒப்புதல் படிவம் வெளியே வரும். படிக்கத் தெரியாதவர்களுக்கு முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டும். கைநாட்டு வைக்கும்போது எங்கள் குழுவைச் சேராத ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும். பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர். அவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "எங்க அப்பாவையும் எழுதிக்கோங்களேன்" என்பார். முடியாது! யாரைப் பார்க்க வேண்டும் என்பது முன்னாலேயே முடிவாகியிருக்கும். விருப்பப்பட்டு வருகிறவர்களை எல்லாம் சேர்த்தால் கணக்கு சாய்ந்துவிடும். இதை அவர் மனம் நோகாமல் சொல்லத் தெரிவதும் பயிற்சியில் அடக்கம்.

அடுத்து வயது. எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த கட்டம்.

"உங்க வயசு என்னம்மா?"

"இருக்கும் ஒரு அறுபது."

பக்கத்தில் நிற்கும் மகனுக்கே ஐம்பத்தாறு!

ஆதாரில் ஜனவரி முதல் தேதி என்று இருக்கும். நம் ஊரில் அந்தத் தலைமுறையில் பாதிப் பேர் ஜனவரி ஒன்றில் பிறந்தவர்கள்தான். அப்போது நாங்கள் நிகழ்ச்சி நாட்காட்டி என்ற ஒன்றை எடுப்போம். அந்தந்தப் பகுதிக்கு என்று தயாரித்த பட்டியல்: 1964 டிசம்பர் தனுஷ்கோடி புயல், 1969 பிப்ரவரி அண்ணா மறைவு, 1987 டிசம்பர் எம்.ஜி.ஆர். மறைவு. அதோடு உள்ளூர் ஏரி உடைந்த வருஷம், கோயில் கும்பாபிஷேகம் நடந்த வருஷம் எல்லாம் இருக்கும்.

"அண்ணா செத்தப்ப நீங்க எங்கம்மா இருந்தீங்க?"

"இங்கதான். இவன் வயித்துல. எட்டு மாசம். இவங்க அப்பா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம லாரி ஏறி மெட்ராசுக்குப் போயிட்டாரு, தெரியுமா?"

"அடேங்கப்பா! அப்ப கல்யாணம்?"

"புயல் அடிச்ச அடுத்த வருஷம். நான் வயசுக்கு வந்து மூணு வருஷம் வீட்டுலயே இருந்தேன்."

கணக்குப் போடுங்கள். புயலுக்கு அடுத்த வருஷம் 1965. மூன்றைக் கழித்தால் 1962. அப்போது பதினான்கு என்று வைத்தால் பிறந்தது 1948 வாக்கில். அறுபது இல்லை பாட்டி, எழுபத்தேழு! ஐந்து வயது முன்னே பின்னே போனால் என்ன என்று தோன்றும். போகக் கூடாது. அறுபத்தைந்துக்கு மேல் ஏறத்தாழ ஐந்து ஐந்து வயதுக்கு டிமென்ஷியாவின் விகிதம் இரட்டிப்பாகும். பாட்டி தப்பான வயதுக் கட்டத்தில் உட்கார்ந்தால், சரியாக எடுத்த மற்ற எல்லா விவரமும் வீண்.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. அந்த லாரிக் கதையை இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறாரே, நினைவு நன்றாகத்தான் இருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் நம்புவார்கள். அல்சைமரில் பழைய நினைவு வெகுநாள் தாக்குப்பிடிக்கும். முதலில் நழுவுவது இன்று காலை நடந்தது. அதனால் லாரிக் கதையை ஆசையாகக் கேட்டுக்கொண்டே, காலையில் என்ன சாப்பிட்டார் என்பதையும் காதில் போட்டுக்கொள்வோம்.

சோதனை ஆரம்பித்துவிட்டால் எங்களுக்கு வாய்ப்பூட்டு. எழுதியிருப்பதை எழுதியபடி, அதே வேகத்தில் கேட்க வேண்டும். சாடை காட்டக் கூடாது, "சபாஷ்" சொல்லக் கூடாது. ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகங்களின் பெயர் சொல்ல முடியும் என்று ஒரு கேள்வி. சிலர் சிங்கம், புலி, யானை என்று மிருகக்காட்சிசாலைக்குப் போவார்கள். ஆடு மேய்த்த தாத்தா ஒருவர் வெள்ளாடு, செம்மறி, கிடா, குட்டி என்று ஆட்டிலேயே நின்றார். எவற்றுக்கு எப்படி மதிப்பெண் போடுவது என்பதற்குத் தனி விதிமுறை உண்டு. அதைப் பற்றிப் பயிற்சி அறையில் நாங்கள் மணிக்கணக்காக வாதாடியிருக்கிறோம். ஒரே வீடியோவை எல்லோரும் பார்த்துத் தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும். என் எண்ணும் உங்கள் எண்ணும் ஒத்துப் போகும் வரை யாரும் களத்துக்குப் போக முடியாது.

சோதனையை நம் ஊருக்கேற்ப மாற்றும் விஷயத்தில் எங்களுக்கெல்லாம் முன்னோடி ஹரியானாவின் பல்லப்கர். 1990-களில் மேரி கங்குலி, விஜய் சந்திரா ஆகியோரின் குழு, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மொனொங்காஹேலா பள்ளத்தாக்கு முதியவர்களையும் பல்லப்கர் கிராமத்து முதியவர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தது. 'கண்ணை மூடு' என்று எழுதிய காகிதத்தைப் படிக்கச் சொல்லும் கேள்வி எழுத்தறியாதவர்களிடம் எடுபடாது. அதனால், "நான் செய்வதைப் பார்த்து அப்படியே செய்யுங்கள்" என்று மாற்றினார்கள். எவ்வளவு எளிது, எவ்வளவு அழகு! அன்றாடத் திறன்களை அளக்க அவர்கள் எழுதிய கேள்விகளில் பண்டிகை நாட்கள் நினைவிருக்கிறதா, வீட்டில் கல்யாணம் போன்ற பெரிய காரியங்களில் கருத்துச் சொல்கிறாரா என்பதெல்லாம் உண்டு. காசோலை எழுதுகிறாரா, கார் ஓட்டுகிறாரா என்று கேட்பதைவிட நம் ஊர்ப் பாட்டிக்கு இதுதானே பொருத்தம்?

இப்போது மூடிய கதவுக்குள் போகலாம். பாட்டியிடம் பேசியாயிற்று. அடுத்து, பாட்டியை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் தனியாகப் பேச வேண்டும். எங்கள் பேச்சு வழக்கில் அவர் 'இன்ஃபார்மென்ட்'. பத்துக்கு ஏழு வீடுகளில் மருமகள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இந்த இடத்தில் வாய்ப்பூட்டு கொஞ்சம் தளரும். படிவத்தில் இருக்கும் கேள்வியைக் கேட்ட பிறகு, புரியவைக்கத் துருவிக் கேட்கலாம். சமூகப் பணி படித்ததன் பலன் முழுதும் வெளிப்படுவது இங்கேதான்.

"அன்றாட வேலைகள் செய்வதில் அவருக்கு ஏதாவது சிரமம் உண்டா?"

"அத்தைக்கு ஒரு குறையும் இல்லைங்க. நாங்க நல்லாத்தான் பார்த்துக்கிறோம்."

கேட்டீர்களா? நான் கேட்டது பாட்டியின் மூளையைப் பற்றி. அந்தப் பெண்ணுக்குக் கேட்டது, 'நீ மாமியாரை ஒழுங்காகக் கவனிக்கிறாயா?' என்று. அவர் பொய் சொல்லவில்லை. சாப்பாடு கையில் வந்துவிடும், தண்ணீர் காய்ந்திருக்கும், மாத்திரையைப் பேரன் எடுத்துக் கொடுத்துவிடுவான். சிரமம் வெளியே தெரிய இடமே இல்லை. இந்தப் பதிலை அப்படியே எழுதினால் படிவத்தில் 'சிரமம் இல்லை' என்று விழும்.

அதனால் வாசலில் நான் ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்ததைக் கேட்பேன்.

"வாசல்ல கோலம் அழகா இருக்கே. இப்போ யார் போடுறாங்க?"

"நான்தாங்க."

"முன்னாடி?"

"அய்யோ, அத்தைதான்! மார்கழியில எங்க தெருவுல இவங்க கோலத்தைப் பாக்கவே வருவாங்க."

"இப்ப குனிய முடியலையோ?"

கொஞ்சம் யோசிப்பார். "குனியறாங்க. புள்ளி எல்லாம் சரியா வைக்கிறாங்க. அப்புறம்... அப்படியே நிக்கிறாங்க. எப்படி இழுக்கணும்னு வரல. ரெண்டு மார்கழி ஆச்சு."

இடுப்பு வலியால் நிறுத்தியதா, இழுக்கும் வழி மறந்து நிறுத்தியதா? இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் நான் இத்தனை தூரம் வந்தேன். குனிய முடிகிறது, புள்ளி வைக்க முடிகிறது, இழுக்க மட்டும் தெரியவில்லை என்றால், அந்தப் பதிலுக்கு டாக்டர்களின் குறிப்பேட்டில் தனி மரியாதை உண்டு. மருமகளும் அப்போதுதான் அதை முதன்முறையாகச் சத்தமாகச் சொல்லிக் கேட்கிறார். சில பேர் அந்த நிமிடத்தில் அழுதுவிடுவார்கள். ஃபார்மை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன், படிவம் காத்திருக்கட்டும்.

இப்படிக் கேட்பதால் என்ன பெரிதாக மாறிவிடும் என்று நினைக்கிறீர்களா? இங்கேதான் எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறியும் எண் ஒன்று இருக்கிறது. 10/66 குழு க்யூபா, டொமினிகன் குடியரசு, பெரு, வெனிசுவேலா, மெக்ஸிகோ, சீனா, இந்தியா என்று ஏழு நாடுகளில் 11 இடங்களில் 14,960 முதியவர்களைப் பார்த்து 2008-ல் லான்செட்டில் முடிவை வெளியிட்டது. இந்தியாவின் இரண்டு இடங்களும் நம் தமிழ்நாட்டில்தான்: நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூர் வட்டாரம். அமெரிக்க மனநல வழிகாட்டியான டி.எஸ்.எம். 4-ன் அளவுகோலைப் போட்டுப் பார்த்தால், இந்தியக் கிராமத்தில் டிமென்ஷியா வெறும் 0.3 சதவீதம். க்யூபாவில் 6.3. ஆகா, நம் கிராமத்துக்கு மறதியே வராது போலிருக்கிறதே! ஆனால் அதே மனிதர்களின் அதே பதில்களை வைத்து, படிப்பும் ஊர் வழக்கமும் குறுக்கிடாதபடி 10/66 குழு உருவாக்கிய முறையில் கணக்கிட்டபோது, எந்த இடத்திலும் 5.6 சதவீதத்துக்குக் கீழே போகவில்லை; அதிகபட்சம் டொமினிகன் குடியரசில் 11.7.

எங்கே போயிருந்தார்கள் அத்தனை பேரும்? வீட்டிலேதான் இருந்தார்கள்; மருமகள்களின் உழைப்புக்குப் பின்னால் இருந்தார்கள். பழைய அளவுகோலில், நோய் என்று சொல்ல அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். வயதானவரிடம் வீடு எதையும் எதிர்பார்க்காமல் எல்லாவற்றையும் தானே செய்துவிட்டால் பாதிப்பு எப்படித் தெரியும்? என் தொழிலைப் பற்றி நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மூளையைப் பற்றிய உண்மையில் ஒரு பகுதி மண்டைக்குள் இருக்கிறது. இன்னொரு பகுதி அந்த வீட்டின் ஏற்பாட்டில் இருக்கிறது. இரண்டாவதைப் படிக்கத் தெரிந்தவர் கூட இல்லாமல் முதலாவதை அளக்க முடியாது.

நாங்கள் கொண்டு வந்தது எங்கே போகிறது என்பதும் சுவாரசியம். இந்தியா முழுவதுக்குமான லாசி-டாட் என்ற ஆய்வில் அறுபது தாண்டிய 4096 பேரைப் பார்த்தார்கள். அதில் 2528 பேரின் விவரங்கள் இணையத்தில் டாக்டர்களுக்குப் போயின. ஒவ்வொருவரின் கோப்பையும் மூன்று டாக்டர்கள், ஒருவர் போட்ட மதிப்பு மற்றவருக்குத் தெரியாமல், தனித்தனியாகப் பார்த்தார்கள். ஒத்துப் போகவில்லை என்றால் சேர்ந்து பேசி முடிவெடுத்தார்கள். யோசித்துப் பாருங்கள்: அந்த டாக்டர்கள் பாட்டியைப் பார்க்கவே இல்லை! பாட்டியாக அவர்கள் முன் வந்து நிற்பது களத்தில் எழுதிய விவரம்தான். இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்துதான் 2023-ல் அந்த எண் வந்தது: இந்தியாவில் அறுபது தாண்டியவர்களில் 7.4 சதவீதம், ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். அமெரிக்கா, இங்கிலாந்து, மெக்ஸிகோ, சீனா, தென்னாப்பிரிக்கா என்று பல நாடுகளில் ஒரே அச்சில் செய்யப்படும் சோதனைத் தொகுப்பு என்பதால், இதை அவர்களுடைய எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பேச முடிகிறது.

பன்னாட்டு வேலை என்றால் விமானப் பயணம் என்று என் சித்தி இன்னமும் நம்புகிறார். பெரும்பாலும் அது இரவுச் சாப்பாட்டு நேரத்து வீடியோ கால். நமக்கு ராத்திரி ஏழரை என்றால் ஹவானாவில் அப்போதுதான் காலைக் காபி. லத்தீன் அமெரிக்கத் தோழி ஒருத்தி, தன் ஊரில் மகள்கள் "அம்மாவுக்கு ஒன்றுமில்லை, வயசாகிவிட்டது, அவ்வளவுதான்" என்றே சொல்கிறார்கள் என்று விவரித்தபோது, நான் மைக்கை அணைக்க மறந்து "எங்க ஊர்லயும்தான்!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். எல்லோருக்கும் புரிந்தது.

ஹைதராபாத் சேதி ஒன்றைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. நிம்ஸ் மருத்துவமனையில் சுவர்ணா அல்லாடியின் குழு டிமென்ஷியா வந்த 648 பேரின் விவரங்களை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டது. ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட, இரண்டு அல்லது அதற்கு மேல் பேசியவர்களுக்கு நோய் நாலரை வருடம் தாமதமாக ஆரம்பித்திருந்தது. எழுதப் படிக்கவே தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது! வீட்டில் ஒன்று, சந்தையில் ஒன்று என்று பேசி வளர்ந்த மக்கள் நாம். ஒருவர் எந்த மொழியை யாரிடம் பேசினார் என்பதை வீட்டாரிடம் கேட்டு எழுதும்போது, வெறும் கட்டத்தை நிரப்புகிறோம் என்று இனி எந்தக் களப்பணியாளரும் நினைக்க மாட்டார்.

இந்த வேலைக்கு வருவது எப்படி என்று கேட்டு நிறைய மாணவர்கள் எழுதுகிறார்கள். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-ல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் இருக்கிறது. இன்னும் பல கல்லூரிகளில் எம்.எஸ்.டபிள்யூ. இருக்கிறது, மனநலப் பிரிவில் மேலே படிக்க விரும்புகிறவர்கள் பெங்களூரு நிம்ஹான்ஸுக்குப் போகிறார்கள். அயர்லாந்தின் ட்ரினிட்டி கல்லூரியும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகமும் சேர்ந்து 2015-ல் தொடங்கிய குளோபல் பிரெயின் ஹெல்த் இன்ஸ்டிடியூட் தரும் ஃபெலோஷிப்புக்கு டாக்டர்கள் மட்டுமில்லை, சமூகப் பணியாளர்களும் கலைஞர்களும்கூட விண்ணப்பிக்கலாம். களத்தில் விவரம் சேகரிப்பவராக ஆரம்பித்து, மேற்பார்வையாளர், பயிற்சியாளர், திட்ட ஒருங்கிணைப்பாளர் என்று ஏறலாம்.

ஏறலாம்தான். ஆனால் எல்லாம் ஒப்பந்தம். நிதி முடிந்தால் சம்பளமும் முடியும்; அடுத்த திட்டம் வரும்வரை ஈயம் பூசாத பாத்திரம் போல ஓரமாக இருக்க வேண்டும். கட்டுரை வெளியாகும்போது எங்கள் பெயர் கடைசியில் நன்றிப் பகுதியில், பல நேரம் 'களப்பணியாளர்களுக்கு நன்றி' என்ற ஒரே வரியில் இருக்கும். இது மாற வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்கிறேன். கேள்வியை வடிவமைத்தவரும், அது ஒரு வீட்டில் எப்படிக் கேட்கப்பட்டால் உண்மை வரும் என்று கண்டுபிடித்தவரும் ஆசிரியர் பட்டியலில் இருக்க வேண்டியவர்கள். சில குழுக்களில் இது நடக்க ஆரம்பித்திருக்கிறது. அந்தப் பட்டியல்களில் தோழிகளின் பெயரைப் பார்க்கும்போது ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எல்லா குரூப்பிலும் போடுகிறேன்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது செருப்பு மாட்டுகிற இடத்தில்தான் முக்கியமான கேள்வி வரும். "சரிங்க, இனிமே நாங்க என்ன பண்ணணும்?" ஆராய்ச்சி எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது. கோவாவில் அமித் டயஸ் குழுவினர் 2008-ல் வெளியிட்ட சோதனை எங்களுக்கு இதில் பெரிய தைரியம். டிமென்ஷியா உள்ளவர்களின் 81 குடும்பங்கள். உள்ளூர்க்காரர்களையே பயிற்சி கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்: நோய் என்னவென்று விளக்குவது, குளிக்க மறுத்தால் என்ன செய்வது, கவனித்துக்கொள்கிறவருக்கு எப்படிக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கச் செய்வது. விலை உயர்ந்த மருந்தோ இயந்திரமோ இல்லை. கவனித்துக்கொள்கிறவர்களின் மனநலம் தேறியது. பேச்சும் துணையும் ஒரு சிகிச்சையாக எண்ணில் நிரூபணமான அந்தத் தாளை நான் இன்னும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன்.

அதனால் செருப்பு மாட்டும் இடத்தில் நான் மறுபடி உட்காருவேன். எந்த மருத்துவமனையில் எந்தக் கிழமை முதியோர் பிரிவு இருக்கிறது, முதியோர் உதவி எண் 14567, மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர் வரும்போது பாட்டிக்கும் பி.பி., சர்க்கரை பார்க்கச் சொல்வது எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பேன். மருமகளிடம் மட்டும் தனியாக ஒன்று சொல்வேன்: "கோலம் போடறப்ப அத்தையைக் கூப்பிட்டுப் புள்ளி வைக்கச் சொல்லுங்க. நீங்க இழுங்க." முடிந்ததைச் செய்ய விட வேண்டும், முடியாததில் கை கொடுக்க வேண்டும்; அவருக்கு அது சட்டென்று பிடிபட்டுவிடும்.

அடுத்த வாரம் புதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி ஆரம்பம்! விதிமுறை வகுப்புகள் முடிந்து ஒத்திகைக்கு வந்ததும் நான் நாற்காலியில் பாட்டியாக உட்கார்ந்துவிடுவேன். காது மந்தம், கொஞ்சம் கோபம், நிறைய குறும்பு. முதல் கேள்விக்கே "உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்பேன். என் சகா ஒருத்தி பேத்தியாக நடிப்பாள். பின்னாலிருந்து விடையை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். அவளை முகம் சுளிக்காமல் எப்படி வெளியே அனுப்புவது என்பதற்குத் தனி மதிப்பெண். போன தடவை திருவண்ணாமலைப் பையன் ஒருவன் அவளைத் திரும்பிப் பார்த்து, "தங்கச்சி, எனக்கு ஒரு சொம்பு தண்ணி கொண்டு வர்றியா? கொதிக்க வச்சு, ஆற வச்சு, மெதுவா எடுத்துட்டு வாம்மா" என்றான். அறை முழுக்கக் கைதட்டல். அவனை இந்த முறை புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வரச் சொல்லியிருக்கிறேன்.